படர்க்கை ஒருமை

பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தது நினைவிருக்கிறது, ஆனால் அந்த நினைவு இன்றைக்குரியதா நேற்றைக்குரியதா என்பதைத்தான் சொல்ல முடியவில்லை, தினமும் ஒரே நேரத்தில் ஒரே கையால் செய்கிற காரியங்களில் தேதி ஒட்டுவதில்லை, சாவி கழுத்துக் கயிற்றில் இருக்கிறது, ஒவ்வோர் எட்டுக்கும் நெஞ்செலும்பில் ஒருமுறை தட்டுகிறது, ஆனால் சாவி இருப்பதனாலேயே பூட்டியிருக்கிறேன் என்று ஆகிவிடாது, பூட்டாமலும் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம், இப்படி ஒரு விடையை என் மாணவி எழுதியிருந்தால் காரணம் போதாது என்று ஓரத்தில் சிவப்பு மையால் குறித்திருப்பேன். உள்ளே அவர் தூங்குகிறார். என் கணவர் நம்பிராஜன், எழுபத்திரண்டு வயது, முப்பத்துநான்கு ஆண்டுகள் சர்வேயராக இந்த மாவட்டத்தின் புஞ்சையையும் நஞ்சையையும் அளந்தவர், இப்போது கட்டிலிலிருந்து குளியலறை வரையுள்ள பதினோரு அடியில் வழி தவறுகிறவர். ஏழே கால் வரை தூங்குவார். தூங்க வேண்டும். இப்போது ஆறு இருபத்தைந்து, குளத்து மடையடியில் நின்று கடிகாரத்தை அமுக்கிவிட்டேன், இனி எண்கள் தாமாக ஓடும், நான்தான் என்னை ஓட்ட வேண்டும். மடையிலிருந்து, மிகுநீர் வழிகிற மறுகால் வரை கரையின் நீளம் ஆயிரத்து இருநூற்றைம்பது மீட்டர், இரண்டு முறை போய் இரண்டு முறை வந்தால் ஐந்து கிலோமீட்டர், இதை நாடா பிடித்து அளந்து கொடுத்தவர் அவர்தான், நான் ஓய்வு பெற்று ஓடத் தொடங்கிய ஆண்டில், போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை, இரண்டுக்கும் நான்கு சென்டிமீட்டர் வேறுபாடு வந்ததால் மூன்றாவதாக இன்னொருமுறை, நான் நிழலில் நின்று சிரித்தபோது, "ஏட்டி, ஒருவழி அளவு அளவே இல்ல" என்றார். ஏட்டி. முப்பத்தோராண்டு தமிழாசிரியை, அதில் ஆறாண்டு தலைமையாசிரியை, ஆயிரம் பிள்ளைகள் எழுந்து நின்று வணங்கிய ஒருத்தியை வீட்டுக்குள் ஏட்டி என்று அழைக்க ஒரேயொரு மனிதருக்குத்தான் உரிமை இருந்தது. முப்பத்தாறு நிமிடம். அதற்குள் முடித்தால் கோயம்புத்தூருக்குப் போகிறேன், முடியாவிட்டால் இல்லை. ஏழே கால் மணிக்கு மூத்தோர் தடகளச் சங்கச் செயலாளர் அருமைராஜ் போன் செய்வார், அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்கள் ஐயாயிரம் மீட்டருக்கு, அங்கே நடக்கும் மாநிலப் போட்டிக்கு, மாவட்டத்திலிருந்து ஒரு பெயர் அனுப்ப வேண்டும், என் பெயரா வேறொருத்தியின் பெயரா என்று அவர் இன்று அறிய வேண்டும். ஆகவே ஒரு சுற்றுக்கு ஒன்பது நிமிடம், மிகையும் இல்லை குறையும் இல்லை, ஆனால் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, தொடைகளில் யாரோ ஈரத்துணியைச் சுற்றிவிட்டது போன்ற கனம், இரவில் அவர் நான்கு முறை எழுந்தார், நான்கு முறையும் நான் எழுந்தேன், விடிந்ததும் விரிப்பைத் துவைத்துப் பிழிந்து மாடிக்குத் தூக்கிப்போய்க் காயப்போட்டுவிட்டு வந்திருக்கிறேன், காயுமா என்பது தெரியாது, வானம் எந்தப் பக்கமும் சாய்ந்து பேசவில்லை, கிழக்கே கருமை, மேற்கே வெளுப்பு, தலைக்கு மேலே இரண்டுமற்ற சாம்பல் நிறம், ஐப்பசி பிறந்து பத்து நாளாகியும் பெய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுக்காத மேகம்.

மறுகாலைத் தொட்டுத் திரும்பும்போது ஒன்பது நிமிடம் எட்டு வினாடி, எட்டு வினாடியைப் பிடித்துவிடலாம், இளம் வயதில் இல்லாத பொறுமை இந்த வயதில் உண்டு, மூச்சை இரண்டு எட்டுக்கு இழுத்து மூன்று எட்டுக்கு விட வேண்டும், இடது கெண்டைக்காலில் ஒரு முடிச்சு, அதைப் பார்க்காதே, பார்த்தால் வளரும். எதிரே நடைபயிற்சிக்காரர்கள் மூவர், நடுவில் வருகிற தளவாய் அஞ்சலகத்தில் இருந்தவர், கையை வீசி நடப்பதாக நினைத்துக்கொண்டு வாயை வீசி நடக்கிறவர். "என்ன டீச்சர், வண்டி இன்னைக்கு ரெண்டாவது கியருலயே போவுது?" "பெட்ரோல் இல்ல ஓய்," என்றார் பக்கத்தில் வந்தவர். "அவங்க வண்டியாவது போவுது, நீரு எட்டு வருசமா செட்டுக்குள்ளதான வேய் நிக்கீரு," என்றார் மூன்றாமவர். "டீச்சர், மழை வரும் போலுக்கே!" "வராது வே." "வரும்ங்கேன்." அவர்களுடைய சிரிப்பு முதுகுக்குப் பின்னால் சிறிது தூரம் வந்து நின்றுவிட்டது, நான் கையை மட்டும் உயர்த்தினேன், பதில் சொல்ல இரண்டு மூச்சு செலவாகும், அத்தோடு என் முகத்தில் அவர்கள் எதையும் படித்துவிடக் கூடாது, "சார் எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் நன்றாக இருக்கிறார் என்பேன். நன்றாகத்தான் இருக்கிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார், என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார். நான்கு நாள். கோயம்புத்தூருக்குப் போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் இரண்டு நாள், அந்த நான்கு நாளும் அவரை ஓர் இல்லத்தில் விட வேண்டும், போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், சுத்தமாகத்தான் இருந்தது, சுத்தம் என் கண்ணைத் திருப்திப்படுத்தியதே என்று வெட்கமாக இருந்தது, மேசைக்குப் பின்னால் இருந்த பெண் படிவத்தை நிரப்பிக்கொண்டே, "உங்கள அடையாளம் தெரியுதாம்மா அவங்களுக்கு?" என்று கேட்டாள். ஆம் அல்லது இல்லை என்று இரண்டே கட்டங்கள். நான் பதில் சொல்லாமல் இருந்ததை அவள் எந்தக் கட்டத்தில் குறித்தாள் என்று பார்க்கவில்லை. தட்டான்கள் தாழப் பறக்கின்றன, குளத்து நீர் ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் அசையாமல் கிடக்கிறது, ஓசூரிலிருக்கும் மகள், "நாலு நாள்தானம்மா, அப்பாவுக்கு எங்க இருந்தா என்ன, தெரியவா போவுது?" என்றாள், அவள் சொன்னதில் பிழை இல்லை, பிழை இல்லாததுதான் தாங்க முடியவில்லை.

புரட்டாசி முதல் சனிக்கிழமை அது நடந்தது. காப்பியை அவர் கையில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு, "நீங்க குடிச்சிட்டியளா?" என்று கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்தேன், யாருமில்லை. நாற்பத்தொரு ஆண்டுகளாக அந்த வீட்டில் முன்னிலைப் பன்மை என்னிடமிருந்து அவருக்குப் போகும், முன்னிலை ஒருமை அவரிடமிருந்து எனக்கு வரும், இது சரியா என்று பெண்ணுரிமைக் கூட்டங்களில் நானே மேடையேறிக் கேட்டிருக்கிறேன், கணவர் மனைவியை நீங்கள் என்றால் வானம் இடிந்து விழுமா என்று கேட்டுக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். விழும் என்று யாரும் அன்று எழுந்து சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமையிலிருந்து வாங்க, இருங்க, சாப்பிடுங்க, எதுக்கு உங்களுக்குச் சிரமம், உடம்பைத் துடைத்துவிடும்போது வெட்கப்பட்டுச் சுவரைப் பார்க்கிறார், ஒரு மாமாங்கத்துக்கு முன் வந்து தங்கிவிட்ட விருந்தாளியிடம் காட்டும் மரியாதை, எவ்வளவு பணிவு, எவ்வளவு தூரம். ஒருமுறை பொறுக்க மாட்டாமல், "ஏட்டின்னு கூப்பிடுங்களேன்," என்றேன். அவர் அதிர்ந்து போனார். "சேச்சே," என்றார், "அப்படியெல்லாம் சொல்லலாமா? படிச்சவங்களா இருக்கிய." மடை. பதினெட்டு நிமிடம் நாற்பது வினாடி. நாற்பது வினாடி கடன், இனி ஒவ்வொரு சுற்றிலும் இருபது வினாடி குறைக்க வேண்டும், குறைக்க முடியாது, அதைக் கால்கள் எப்போதோ அறிந்துவிட்டன, எனக்குத்தான் இப்போது தெரிவிக்கின்றன. மடையடியில் நின்றால் எங்கள் தெருவின் முனை தெரியும், இங்கிருந்து வீடு நான்கு நிமிட நடை, போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டால் மனம் ஓய்ந்துவிடும், ஆனால் சோதனை முறிந்துவிடும், முறிந்தால் அருமைராஜிடம் இல்லை என்று சொல்ல ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும், அந்தக் காரணத்தின் மீது எனக்கிருந்த ஆசையைக் கண்டு பயந்துதான் திரும்பினேன், மறுபடியும் மறுகாலை நோக்கி, சாவி நெஞ்சில் தட்டுகிறது, பூட்டினேனா, பூட்டினேனா, பூட்டினேனா என்று ஒற்று நீங்கலாக நான்கெழுத்து நான்கு எட்டுகளில் சரியாக விழுகிறது.

காற்று திடீரென்று எதிர்ப்பக்கமாக மாறியது, புழுதி கண்ணில் விழுந்தது, சிவப்புப் பனியன் உடம்போடு ஒட்டிக்கொண்டது, போன ஆண்டு போட்டியில் கொடுத்த பனியன், மூன்றாமிடம், அன்று முடிவுக் கோட்டருகில் அவர் கையில் கடிகாரத்தோடு நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணைக் கூவினார், அப்போதே இரண்டு சுற்றுகளுக்கு ஒரே எண்ணைக் கூவினார், களைப்பு என்று நினைத்தேன், ஆசிரியர்களுக்குப் பிழை கண்ணில் படும், காரணம் கண்ணில் படாது. பூட்டவில்லை என்றால் என்ன ஆகும் என்பதை ஆவணியில் பார்த்தாயிற்று. நான் ஓடப் போயிருந்த நேரத்தில் அடுப்புப் பழுதுபார்க்கிறவன் யாரோ கதவைத் தட்ட, திறந்து, அவனை உள்ளே உட்காரவைத்துவிட்டு, அவனை வீட்டுக்குக் காவலாக வைத்துவிட்டு, வெளியே போய்விட்டார். நெடுஞ்சாலையின் நடுவில் நின்று அடியெண்ணிக்கொண்டிருந்தார். ஒரு லாரி அவருக்காக நின்றிருந்தது, ஓட்டுநர் இறங்கி வந்து திட்டாமல், "எத்தன அடி சார் வந்திருக்கு?" என்று கேட்டுக் கையைப் பிடித்து ஓரத்துக்குக் கூட்டிவந்தான், அவனுக்கு நான் நன்றி சொன்னேனா என்பதும் நினைவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வாரம் பாடம் நடத்தினேன், எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். "கதவை யார் தட்டினாலும்?" "தெறக்கக் கூடாது." "பிறகு என்ன செய்ய வேண்டும்?" "தாழ்ப்பாள் போடணும்." "யாருக்குத் திறக்கலாம்?" "நீ வந்தா மட்டும்." மிகச் சரி. மூன்றாம் வாரம் கேட்டபோது சிரித்தார், கேள்வியே விளங்கவில்லை. ஒருநாள் நான் வீட்டிலிருந்தபோதே, நான் கொல்லைப்புறத்தில் துணி துவைக்கையில், கதவை உள்ளே தாழிட்டுவிட்டுத் திறக்கத் தெரியாமல் அரை மணி நேரம் அடித்து அழுதார், அதனால் ஆசாரியை வரவழைத்து மேல் தாழ்ப்பாளைக் கழற்றினேன், கீழ்த் தாழ்ப்பாள் துருவேறிக் கிடந்தது, "இதையும் எடுத்துரவாம்மா?" என்றார் ஆசாரி, என் கணவரால் குனிய முடியாது, இருக்கட்டும் என்றேன், வெளியே பூட்டும் வழக்கம் அன்றிலிருந்து வந்தது. ஒரு மனிதரை வைத்துப் பூட்டிவிட்டு நான் என் கால்களைப் பழக்குகிறேன். இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவுமில்லை. மறுகால். இருபத்தெட்டு நிமிடம் ஐம்பது வினாடி. இனிமேல் கடிகாரத்தைப் பார்க்கத் தேவையில்லை, ஆனால் பார்க்காமல் இருக்க முடியாது, தோற்றுப்போன மாணவியின் விடைத்தாளையும் கடைசிப் பக்கம் வரை திருத்தித்தான் ஆக வேண்டும்.

முதல் துளி வலது காதில் விழுந்தது, இரண்டாவது எங்கே விழுந்தது என்று தெரிவதற்குள் நின்றுவிட்டது, சிறிது வெயில்கூட எட்டிப் பார்த்தது, பிறகு குளத்தின் மறுபக்கத்திலிருந்து வெள்ளைத் திரை ஒன்று நீரின் மேல் நடந்து வந்து கரையேறி என்னைக் கடந்து போயிற்று, நான் அதனூடாக ஓடினேன், ஓடினேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது, தளவாயும் மற்றவர்களும் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு என்னை விட வேகமாக நடந்து போனார்கள், "சொன்னேம்லா வே!" என்று ஒரு குரல், அதில் மழையை வென்ற மகிழ்ச்சி. மாடியில் விரிப்பு நனைகிறது. செருப்பில்லாமல் வயலில் நடப்பது போல் மண் ஷூவைப் பிடித்து இழுக்கிறது. வராமலே இருந்திருக்கலாம், முப்பத்தாறு நிமிடம் என்ற எண்ணை யார் எனக்குக் கொடுத்தது, நானே, போன ஆண்டின் என் கால்கள், அவர் கூவிய எண். நான் போட்டிக்காகவா ஓடுகிறேன், இல்லை, இந்தக் கரையில் எதுவும் என்னை நீங்க என்று மரியாதை செய்வதில்லை, காற்றும் புழுதியும் என்னை இன்னும் ஒருமையில்தான் அழைக்கின்றன, அதற்காக. இந்த நாற்பது நிமிடம் போய்விட்டால் அந்த வீட்டில் நான் ஒரு பணிப்பெண், அன்பான, படித்த, சிரமப்படுத்தக் கூடாத ஒருத்தி. போனால் அவர் நான்கு நாள் வேறொருத்தியின் கையில் காப்பி வாங்கி அவளையும் நீங்க என்பார், வேறுபாடு தெரியாது. போகாவிட்டாலும் தெரியாது. இரண்டு பக்கமும் அளந்தாயிற்று, இரண்டு அளவும் ஒன்றுதான். மடைச் சுவரைக் கையால் தொட்டேன். முப்பத்தொன்பது நிமிடம் பன்னிரண்டு வினாடி. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மூக்கு நுனியிலிருந்து நீர் சொட்டியது, அழுகையாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது என்பதால் அழவில்லை.

தெருமுனை திரும்பியதும் முதலில் பூட்டைத்தான் பார்த்தேன். தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டியிருந்தது. இழுத்துப் பார்த்தேன், ஒன்று, இரண்டு, மூன்று. இவ்வளவு தூரம் சுமந்து வந்த பயம் ஒரு கணத்தில் பொருளற்றுப் போனது, ஆனால் கால்களின் கனம் குறையவில்லை. சாவியை நுழைத்துத் திருப்பும்போது உள்ளே ஓர் ஓசை கேட்டது, இரும்பு தரையை உராயும் ஓசை, மெதுவாக, விட்டுவிட்டு, பல்லைக் கூசவைக்கும் ஓசை, ஒரு மனிதர் முனகிக்கொண்டே குனிகிற ஓசை. கதவைத் தள்ளினேன். அசையவில்லை. பக்கத்துச் சன்னலின் கம்பிகளுக்குப் பின்னால் அவர் முகம் வந்தது, மூச்சு வாங்கியது, ஆனால் அந்த முகத்தில் பெருமை இருந்தது. "யாரு?" என்றார். "நான்தான்," என்றேன், "கதவைத் திறங்க." "தெறக்கக் கூடாதும்மா. சொல்லிட்டுப் போயிருக்கா. யாரு தட்டுனாலும் தெறக்காதிய, தாழ்ப்பாளப் போடுங்கன்னு." அந்தப் பாடத்தை மறந்துவிட்டார் என்று நான் முடிவு செய்திருந்தேன். "நான் செண்பகவல்லி," என்றேன். "அப்பிடியா," என்றார் மகிழ்ச்சியோடு, "அவ பேரும் செண்பகந்தான்." அவ. மழை சன்ஷேடின் ஓரத்திலிருந்து என் கழுத்தில் இறங்கியது, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அவங்க எங்க போயிருக்காங்க?" என்று கேட்டது என் குரல். "ஓடப் போயிருக்கா. தெனமும் போவா. அவள மாதிரி ஓட ஆளு கெடையாது, தெரியும்லா? வயசுப் பிள்ளைகளே பின்னாலதான் வரணும்." பிறகு திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், விரல்களை மடக்கினார், பல மாதமாகக் காணாத கூர்மை அந்தக் கண்களில். "ஓடுறதுக்கு முப்பத்தாறு. போவ வர எட்டு. நாப்பத்துநாலு. தாண்டிட்டுல்லா. இவ்வளவு நேரம் ஆவாதே." "கால் வலிச்சிருக்கும்," என்றேன். "அவளுக்கா? அவளுக்குக் கால் வலிக்காது." உள்ளே அலமாரியில் என் போன் ஒலித்தது. ஏழே கால். அருமைராஜ். ஒலித்து ஒலித்து நின்றது, மறுபடி ஒலித்தது, அவர் அதை நோக்கி ஓர் எட்டு வைத்து, வைத்த எட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "அவளுக்குத்தான் போனு. வந்து எடுப்பா." நின்றுவிட்டது. மூன்றாவது முறை ஒலிக்கவில்லை. ஆசாரியைக் கூப்பிட வேண்டும், எதிர்வீட்டில் போய் அவருடைய எண்ணைச் சொல்லி அழைக்கச் சொல்ல வேண்டும், துருவேறிய அந்தக் கீழ்த் தாழ்ப்பாளை இவரால் தூக்க முடியாது, இதெல்லாம் எனக்குத் தெரிந்தது, ஆனால் தெருவைக் கடக்கும் பத்தடியை என் கால்கள் ஒப்புக்கொள்ளவில்லை. "அவங்க வர்ற வரைக்கும் இங்க நிக்கலாமா?" என்று கேட்டேன். "நில்லுங்க, நில்லுங்க. மழ பெய்யுதுல்லா, இன்னும் உள்ள தள்ளி நில்லுங்க." ஒதுங்கிச் சுவரோடு ஒட்டி நின்றேன். அவரும் கம்பிகளுக்கிடையில் முகத்தை வைத்துத் தெருவைப் பார்த்தார். "மடைப் பக்கமாத்தான் வருவா. செவப்புப் பனியன் போட்டிருப்பா. பாத்தியன்னா எனக்கு ஒரு சத்தம் குடுங்க, எனக்குக் கண்ணு அவ்வளவு தூரம் எட்டாது." பனியனின் நுனியைப் பிழிந்தேன். நீர் சிவப்பாக ஓடவில்லை, நல்ல சாயம். "சரி," என்றேன், மடைப் பக்கம் பார்த்து நின்றேன்.